பந்து வராத ஓட்டம்

என் காரின் பின்பெட்டியில் செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கூம்பு ஒன்று கிடக்கிறது. விளையாட்டு மைதானங்களில் எல்லை குறிப்பதற்கு வைப்பார்களே, அந்த வகை. உச்சி சற்று நசுங்கியிருக்கிறது. அடிப்பக்கத்தில் செயற்கைப் புல்தரையின் கரிய இறப்பர்த் துணுக்குகள் இன்னும் ஒட்டியிருக்கின்றன. நான் வளைவில் திரும்பும்போதெல்லாம் அது ஒரு பக்கத்தில் மோதி, அடுத்த வளைவில் மறுபக்கத்துக்கு உருண்டு போகிறது. இப்போதெல்லாம் தேவைக்கு அதிகமான வளைவுகளில் நான் திரும்புகிறேன். வாங்குவதற்கு ஒன்றுமில்லாத கடைக்குப் புறப்படுகிறேன். பாதி வழியில் ரைன் ஆற்றங்கரையில் இறங்குகிறேன். நிற்கப் பிடிக்காமல் மறுபடியும் ஏறிக்கொள்கிறேன். அந்தக் கூம்பை எடுத்துக் கார் நிறுத்தும் கராச்சில் வைக்கும்படி மனைவி முன்பு அடிக்கடி சொல்வாள். இப்போது சொல்வதில்லை.

அதை என்னிடம் தந்தவள் என் மகள். நான் நிற்க வேண்டிய இடத்தை எனக்குக் காட்டுவதற்காகத் தந்தாள்.

அவள் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் பயிற்சியாளர்களில் ஒருத்தி. கால்பந்து என்றதும் நம்மவர்களின் மனத்தில் உருண்டைப் பந்தும் கோல் கம்பமுமே தோன்றும். இது வேறு. இரு முனையும் கூம்பிய தோற்பந்தை ஒருவர் பின்னால் நின்று எறிவார். அவரைக் காக்கவும் வீழ்த்தவும் பெருத்த உடல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும்போது, முன்னே வெவ்வேறு திசைகளில் ஓடும் சிலரில் ஒருவர் அந்தப் பந்தைப் பிடிக்க வேண்டும். எறிபவர் ஒருவர், பிடிப்பவர்களோ அணிக்குள் இன்னோர் அணி. ரிசீவர்கள் எனப்படும் அந்த உள்ளணியைத் தேர்ந்தெடுத்துப் பழக்குவதுதான் என் மகளின் வேலை. கொலோன் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது, “மகள் இப்ப என்ன செய்யிறா?” என்று கேட்டால், என் மனைவி சிரிக்காமல் பதில் சொல்வாள்: “பந்து பிடிக்கிற ஆக்களைப் பிடிக்கிற வேலை.” கேட்டவர்கள் அதற்குமேல் கேட்க மாட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மருத்துவர்களாகவும் வரி ஆலோசகர்களாகவும் இருந்தார்கள். அந்தத் தொழில்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நான் பாலங்களின் சுமைக் கணக்கைச் சரிபார்த்து வாழ்ந்தவன். ஊரில் பொறியியல் கற்று, அகதியாக இங்கே ஜேர்மனிக்கு வந்து, மறுபடியும் பல்கலைக்கழகப் படியேறி முனைவர் பட்டம் பெற்று, ஓய்வுபெறும் வரை அந்தப் பணியிலேயே இருந்தேன். ஆகவே மகள் தன் உள்ளணியைப் பற்றிப் பேசும்போது எனக்கு அது புரிந்துவிட்டதாகவே முதலில் எண்ணிக்கொண்டேன். கிடைப்பவர்களில் மிக வேகமானவர்களை வரிசையாக எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது என்றேன். அவள் சோற்றைப் பிசைந்தபடியே தலையை ஆட்டினாள். “எல்லாரும் வேகமெண்டால் எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் அப்பா போய் நிப்பினம்.”

முதலில் எறிபவரைப் பார்க்க வேண்டும் என்பாள். அவருடைய கை எவ்வளவு தூரம் போகும், நெருக்கடி வந்தால் அவர் கண் எந்தப் பக்கம் தேடும் என்பதை அறிந்த பிறகே அவருக்கு ஆட்களைத் தேட வேண்டும். எதிரணி எப்போதும் அஞ்ச வேண்டிய ஒருவர் தேவை. அவரை மறிக்க அவர்கள் இருவரை அனுப்பினால் மற்றவர்களுக்கு வெளி கிடைக்கும். நடுப்பகுதியில் பெரிய உடல்களுக்கிடையே புகுந்து, அடிவிழும் என்று தெரிந்தும் கையை நீட்டுகிற சிறிய உடல் ஒன்று வேண்டும். எல்லைக்கோட்டு மூலையில் எல்லோருக்கும் மேலாக எம்பக்கூடிய உயரமான ஒருவர் வேண்டும். இதற்கெல்லாம் அமெரிக்கர்களை வரவழைத்து நிரப்பிவிடலாம்தான். ஆனால் எத்தனை அமெரிக்கர்கள் ஆடலாம் என்பதற்கு இங்கே வரம்பு உண்டு. எறிபவருக்கும் தடுப்பாட்டத்துக்கும் அந்த இடங்களைச் செலவிட்ட பிறகு, ரிசீவர்களில் மூத்தவர் ஒருவரே அமெரிக்கராக இருக்க முடிந்தது. மற்றவர்களை இந்த நாட்டிலிருந்தே எடுக்க வேண்டும். பகலில் வேறு வேலை செய்து மாலையில் பயிற்சிக்கு வருபவர்களிலிருந்து.

இந்தக் கடைசி வகையினரைத் தேர்வதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். மற்ற அணிகளில் நிறுத்துக் கடிகாரத்தோடு நிற்பார்கள். அவளும் நிற்பாள்; ஆனால் அவள் பார்ப்பது பந்து வராத ஓட்டத்தை. ஒவ்வொரு எறிதலிலும் நாலைந்து பேர் ஓடுவார்கள். பந்து ஒருவரிடமே போகும். மற்றவர்கள் தம்மிடம் அது வராது என்று தெரிந்தும், வரும் என்று எதிரி நம்பும்படி முழு வேகத்தில் ஓடித் திரும்ப வேண்டும். அந்த ஓட்டத்தில் ஒருவர் தளர்ந்தால் அவரை மறிக்கும் எதிரணிக்காரரும் அவரை விட்டுவிட்டுப் பந்தை நோக்கி ஓடிவிடுவார். அந்தத் தளர்ச்சி யாரிடம் இருக்கிறது என்பதை அவள் தேடினாள். ஆட்டம் முழுவதையும் பார்த்துவிட்டுப் பந்து யாரிடம் போனது என்றே தெரியாமல் வீட்டுக்கு வருவாள்.

இலையுதிர்காலத்தில் அவளுக்கு நோய் கண்டது. இங்கே ஆட்டம் கோடையில்தான். குளிர்காலம் ஆட்களைச் சேர்க்கும் காலம். சிகிச்சை அவளுடைய இரத்தத்தை வலுவிழக்கச் செய்ததால் கூட்டத்துக்கும் குளிருக்கும் போகக்கூடாது என்றார்கள். அவள் எங்கள் வீட்டுக்கே திரும்பிவந்து, தன் பழைய அறையில் மடிக்கணினியோடு படுத்துக்கொண்டாள். உள்ளணியில் எல்லா இடமும் நிரம்பியிருந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைத் தன் கண்ணால் பார்த்துத் தேர்ந்துவிட வேண்டும் என்பது ஒன்றே அக்குளிர்காலத்தில் அவள் கேட்டது. நோயைப் பற்றி அவள் எதையும் கேட்கவில்லை.

ஆகவே தேர்வுப் பயிற்சிகளுக்கு நான் அனுப்பப்பட்டேன். கைத்தொலைபேசியில் படம் பிடித்துவர வேண்டும். முதல் நாள் பிடித்ததைக் காட்டியபோது அவள் போர்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஒவ்வொரு ஓட்டமும் சரியான இடத்தில் தொடங்கி, பந்து கையைவிட்டுக் கிளம்பியதும் அதனோடு போய்விட்டிருந்தது. பார்க்க வேண்டியவர் ஓரத்தில் அரைத் தோளாகத் தெரிந்து, பிறகு அதுவும் இல்லாமல் போனார்.

“அப்பா, நீங்கள் பந்தைப் பாத்திட்டியள்.”

“பாக்காமல் எப்பிடிப் பிள்ளை?”

“எல்லாரும் அதைத்தான் பாக்கினம். நீங்களும் பாத்தால் பிறகு எனக்கு ஆர் இருக்கினம்?”

“உங்கட அப்பாவை ஒரு இடத்திலை நிப்பாட்டவே ஏலாது,” என்று வாசலில் நின்று மனைவி சொன்னாள். “கலியாண வீட்டிலையே மணவறையை எத்தினை தரம் சுத்தினவர் எண்டு கேட்டுப்பார்.”

மகள் தன் பயிற்சிப் பையிலிருந்து இந்தக் கூம்பை எடுத்துவரச் சொன்னாள். மைதானத்தின் வலப்பக்கம் கோட்டுக்கு வெளியே இதை வைத்துவிட்டு, இதோடு காலை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பந்து எங்கே போனாலும் கமெரா ஓடுபவரை விட்டு அசையக்கூடாது. “பந்தைப் பற்றி யோசிக்காதேங்கோ. சத்தத்திலை எனக்கு விளங்கும்,” என்றாள். அது உண்மைதான். நல்ல கைகளில் பந்து விழும்போது ஓசை எழாது. கல்லான கைகளில் அறைவதுபோலக் கேட்கும். படத்தின் ஓரத்துக்கு வெளியே எங்கோ கேட்கும் ஓசையை வைத்தே யார் கை எப்படி என்று சொல்லிவிடுவாள்.

அந்த ஓர் இடத்துக்கு இறுதியில் இருவர் எஞ்சினர். ஒருவர் பீலெஃபெல்ட் நகரில் வளர்ந்த தமிழ் இளைஞர். அங்கே இயந்திரத் தொழிற்பயிற்சி முடித்து வேலை செய்துகொண்டிருந்தார். மற்றவர் கூரை வேய்கிற ஜேர்மானியர். முன்பு கைப்பந்து ஆடியவர், நெட்டையர், சற்றுக் கூனல். தமிழருடைய கைகளைப் பற்றி மகள் முதல் நாளே சொன்னாள்: “சத்தமே இல்லை அப்பா. பஞ்சு.” கூரைக்காரரின் ஓசை கேட்டபோது கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

அந்த இளைஞரின் தந்தை எனக்கு நேரடிப் பழக்கம் இல்லாதவர். எங்கிருந்தோ என் எண்ணைப் பெற்று அழைத்தார். முதலில் என் ஊரைக் கேட்டார். பிறகு எந்தக் கோவில் பங்கு என்று கேட்டார். பிறகு என் மூத்த சகோதரர் படித்த பள்ளிக்கூடத்தில் தன் மச்சான் படித்ததாகச் சொன்னார். நம்மவர்கள் ஒன்றைக் கேட்பதற்கு முன்னர் கட்டுகிற பாலம் அது. அதன் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும்.

“அண்ணை, எங்கட பெடியன் ஒருத்தன் மேலை வரட்டுமெண்டுதான். நீங்கள் மகளிட்டை ஒரு சொல் சொல்லிவிட்டியளெண்டால் காணும்.”

“அவ என்ரை சொல்லைக் கேட்டு எடுக்கிறேல்லை.”

“ஏனண்ணை, தகப்பன்ரை சொல்லைக் கேக்காத பிள்ளையே? நீங்கள் நல்லா வளத்த பிள்ளையெல்லோ.”

நான் மகளிடம் சொல்லவில்லை. மனைவி சொல்லிவிட்டாள். “எங்கட பிள்ளை ஒண்டு வந்திருக்கு. கையும் நல்ல கை எண்டு நீயே சொல்லுறாய். எடுத்துவிடன்,” என்றாள், சூப்புக் கோப்பையைக் கட்டிலருகே வைத்தபடி. மகள் கோபிக்கவில்லை. தாயைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் பிடித்துவந்த படங்களைப் போட்டுக் காட்டினாள். பந்து தன்னை நோக்கி வரும் முறைகளில் அந்த இளைஞர் தண்ணீர்போல ஓடினார். வராத முறைகளில் முதல் சில அடிகளுக்குப் பிறகு அவருடைய தோள் இறங்கியது. கால் நடைக்கு மாறியது. தலை பந்தின் பக்கம் திரும்பியது. மனைவி இரண்டாம் தடவை போடச் சொன்னாள். பிறகு, “அட, இவன் தகப்பன்ரை சொல்லுக்குத்தான் ஓடுறான் போலை,” என்றாள். அதற்குமேல் அவள் அவருக்காகப் பேசவில்லை.

கூரைக்காரர் அப்படியல்லர். கைக்கு வந்த பந்துகளில் பாதியைத் தவறவிட்டார். ஆனால் பந்து மறுகோடியில் பறந்துகொண்டிருக்கையில், ஒருவரும் பார்க்காத வலப்பக்கத்தில், வீடு பற்றிக்கொண்டதுபோல அவர் ஓடினார். ஓடி, திடீரென்று திரும்பி, வெறும் காற்றுக்குக் கைகளை நீட்டினார். அவரை மறித்தவர் ஒவ்வொரு தடவையும் ஏமாந்தார். என் மகள் அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். வாந்தி வந்து எழுந்து போய், முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தாள்.

குளிர்காலம் முடியுமுன் அவளை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. தலைமைப் பயிற்சியாளர் ஒரு பிற்பகல் அங்கே வந்தார். கழுத்துத் தடித்த, மெல்லிய குரலில் பேசுகிற அமெரிக்கர். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். அவர் பீலெஃபெல்ட் இளைஞரையே விரும்பினார். காரணத்தை மறைக்காமல் சொன்னார். கூரைக்காரரின் கால் நல்ல கால்தான். ஆனால் அந்தக் கைகளைப் பழக்க ஒரு பருவம் முழுவதும் வேண்டும், அதற்கு அவள் வேண்டும். நான் சாளரத்தருகே நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லி மகள் கண்ணால் காட்டினாள், என்னால் முடியவில்லை.

மகள் ஜேர்மன் மொழியும் ஆங்கிலமும் கலந்து சொன்னாள். கைகளை யார் வேண்டுமானாலும் பழக்கலாம். மூத்த ரிசீவரிடம் அவள் பேசிவிட்டாள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் அவர் கூரைக்காரரோடு நின்று பந்து போடுவார். பந்து வராதபோது ஓடுவதைத்தான் யாராலும் பழக்க முடியாது; அவள் முயன்று தோற்றிருக்கிறாள். தலைமைப் பயிற்சியாளர் தொப்பியை ஒருமுறை சுழற்றினார். முதல் ஆட்டம் வரை உன் சொல் நிற்கும், அதற்குப் பிறகு நான் என் கண்ணால் காண்பதை மட்டுமே நம்புவேன் என்றார். அவள் அது போதும் என்றாள்.

மறுநாள் பீலெஃபெல்ட் இளைஞரை அவளே அழைத்தாள். கழகம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கும், அவள் சம்மதிக்கவில்லை. ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

“தம்பி, உங்களை எடுக்கேல்லை. ஏனெண்டு சொல்லட்டோ?”

“சொல்லுங்கோ அக்கா.”

“பந்து வராட்டி நீங்கள் ஓடுறியள் இல்லை.”

“வராட்டி ஏன் அக்கா ஓடவேணும்? சும்மா களைக்கிறதுக்கோ?”

“அதுக்குத்தான் தம்பி சம்பளம். பிடிக்கிறது சந்தோசத்துக்கு.”

அவர் ஜேர்மன் மொழியில் ஏதோ முணுமுணுத்துவிட்டு இணைப்பைத் துண்டித்தார். மகள் கைத்தொலைபேசியை மார்பின்மேல் வைத்துக்கொண்டு, “நல்ல கை, பாவம்,” என்றாள். அன்று மாலை அவருடைய தந்தை என்னை அழைத்தார். ஊர், பங்கு, பள்ளிக்கூடம் எதையும் இந்த முறை அவர் குறிப்பிடவில்லை. “விளங்குதண்ணை, விளங்குது,” என்று மட்டும் சொன்னார்.

வசந்தம் வந்தது. ஆட்டப் பருவம் தொடங்குமுன் அவள் போய்விட்டாள்.

அதைப் பற்றி எழுதுவதற்கு எனக்குச் சொற்கள் இல்லை என்பதல்ல. இருக்கும் சொற்களை அதற்குச் செலவிட நான் விரும்பவில்லை. அடக்கத்துக்கு அணியினர் எல்லோரும் வந்தார்கள். கறுப்புச் சட்டைகளில் அவர்களுடைய தோள்கள் கோவிலின் இருக்கைகளுக்குள் அடங்கவில்லை. பீலெஃபெல்டிலிருந்து அந்தத் தந்தையும் வந்திருந்தார். தேநீர் வேளையில் மண்டபத்து நாற்காலிகளை அடுக்க உதவினார். போகும்போது என் கையைப் பற்றிக்கொண்டு, “பெடியனும் வாறனெண்டவன் அண்ணை. பிறகு வெக்கமாக் கிடக்குதெண்டு நிண்டிட்டான்,” என்றார். வந்திருக்கலாம் என்று நான் சொன்னேன். அது உபசாரமன்று.

பிறகுதான் இந்த அமைதியின்மை தொடங்கியது. புத்தகத்தை எடுத்தால் ஒரு பக்கம் தாண்டுவதில்லை. நாற்காலி மாற்றி நாற்காலியாக அமர்கிறேன். மனைவி அழுகிறாள், செபிக்கிறாள், அக்காமாரோடு தொலைபேசியில் கதைக்கிறாள். அவளுடைய துயரத்துக்கு இருக்க ஓர் இடம் கிடைத்திருந்தது. என்னுடையதற்குக் கிடைக்கவில்லை. உண்மையில் அந்த வாரங்களில் என் மனம் மகளைவிடக் கூரைக்காரரையே அதிகம் எண்ணியது. அவரை நீக்கிவிட்டார்களோ, புதிதாக யாரையாவது சேர்த்துவிட்டார்களோ என்று அஞ்சினேன். அவள் கட்டியதில் கடைசிக் கல் அவர். அது பிடுங்கப்பட்டால் அதைத் தடுக்க ஒருவருமில்லை.

முதல் ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. மனைவியும் வந்தாள். எங்களுக்கு நடுக்கோட்டுக்கு நேரே நல்ல இருக்கைகள் தந்திருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டு, மைதானத்தின் வலப்பக்கம் பார்வை விழுகிற கீழ் வரிசைக்கு எங்கள் இருவரின் இடத்தையும் மாற்றிக்கொண்டேன். கூரைக்காரர் அணிச் சீருடையில் இருந்தார்; ஆடினார். முதற்பாதியில் நேராகக் கைக்கு வந்த ஒரு பந்தைத் தவறவிட்டார். நான் இருந்த இடம்வரை அந்த அறைகிற ஓசை கேட்டது. சுற்றியிருந்தவர்கள் ஒருமித்து முனகினார்கள். தலைமைப் பயிற்சியாளர் ஓரக்கோட்டில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் வேறொரு ரிசீவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். “உவரையோ அவள் எடுத்தவள்?” என்று மனைவி மெதுவாகக் கேட்டாள். ஓம் என்றேன்.

இறுதிப் பகுதியில், நம் அணி பின்தங்கியிருந்த நிலையில், கடைசி முயற்சிகளில் ஒன்று. கூரைக்காரர் வலக்கோடியில் நின்றார். பந்து எறிபவரின் கைக்குப் போனது. அவருடைய தோள் இடப்பக்கம் திரும்பியதை நான் கண்டேன். அந்தத் திசையில் ஆயிரக்கணக்கான முகங்கள் ஒரே நேரத்தில் திரும்பியதைக் கழுத்தில் உணர்ந்தேன். என் கால் அருகில் இல்லாத கூம்பைத் தேடியது. நான் திரும்பவில்லை.

அவர் ஓடிக்கொண்டிருந்தார். முதல் அடியிலிருந்தே முழு வேகம், கூனல்கூட நிமிர்ந்துவிட்டது. மறிப்பவர் ஒருவர் அவரோடு ஓடினார். நடுவிலிருந்து இன்னொருவரும் பயந்து அவரை நோக்கி வந்தார். அவர் அவர்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போய், எல்லைக்கோட்டருகே நின்று, திரும்பி, வெறும் காற்றுக்கு இரு கைகளையும் நீட்டினார். அப்போது இடப்பக்கத்தில் அரங்கம் வெடித்தது. மக்கள் எழுந்து குதித்தார்கள். யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார். கூரைக்காரர் நீட்டிய கைகளை இறக்கிவிட்டு, முழங்கால்களில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகுதான் அவரும் அந்தப் பக்கம் பார்த்தார்.

“ஆர் பிடிச்சது?” என்று ஆரவாரத்துக்கிடையே மனைவி கேட்டாள். அவள் முன்னால் இருந்தவரின் கொடி மறைத்துவிட்டிருந்தது.

“தெரியாது.”

“இவ்வளவு தூரம் வந்து, கண்ணை முழிச்சுக்கொண்டு இருந்திட்டு, தெரியாதோ?”

வீடு திரும்பும் வழியில் கூம்பு பின்னால் உருண்டு மோதிக்கொண்டே வந்தது. “அதை எடுத்து வையுங்கோவன் ஒருக்கா, தலையிடிக்குது,” என்றாள் அவள். ஓம் என்றேன்.

அந்த வாரத்திலேயே தலைமைப் பயிற்சியாளரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. சொல் எதுவுமில்லை, ஒரு சிறிய படத்துண்டு மட்டும். பயிற்சியாளர்கள் ஆட்டத்துக்குப் பிறகு உட்கார்ந்து பார்க்கிற, மேலிருந்து முழு மைதானத்தையும் காட்டும் படத்திலிருந்து வலப்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார். சமையலறையில் நின்றபடியே பார்த்தேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். நெட்டையான ஒரு மனிதர் ஓடுகிறார், இருவர் அவரோடு ஓடுகிறார்கள், அவர் திரும்பிக் கைகளை நீட்டுகிறார், படம் முடிகிறது.

“பந்து எங்கை?” என்றாள்.

“இதிலை இல்லை.”

அவள் கைத்தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கி, மேசையருகே உட்கார்ந்து, மறுபடியும் தொடக்கத்திலிருந்து போட்டாள். நான் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. முதல் வளைவில் கூம்பு உருண்டு, இடப்பக்கத்தில் மோதி நின்றது.